பதினெட்டு நாற்காலிகளின் கால்கள்

பதினெட்டு நாற்காலிகளிலும் கால்களை அறுத்திருந்தார்கள்.

போடியில் ஏலக்காயைத் தரம் பிரிக்கும் ஒரு கிடங்கின் உள்கூடத்தில், கையில் செல்போனும் பையில் அளவுநாடாவுமாக நான் நின்றுகொண்டிருந்தேன். என் பக்கத்தில் கேரளத்துப் பூப்பாறையிலிருந்து வந்திருந்த எஸ்டேட்காரர் ஒருவர். அந்த நாற்காலிகளைப் பார்க்கவென்றே ஜீப்பில் மலையிறங்கி வந்தவர். அவற்றை வடிவமைத்தது நான். போன மாதம்தான் ஒரு வடிவமைப்பு இதழில் அவற்றின் படங்கள் இரண்டு பக்கங்களுக்கு வந்திருந்தன. அந்த இதழைச் சுருட்டிக் கையிலேயே வைத்திருந்தார் அவர்.

இதழை விரித்துப் படத்தைப் பார்த்தார். நாற்காலிகளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இதாணோ அது?" என்று கேட்டுவிட்டு, "படத்துல வேற மாதிரி இருந்துச்சே மேடம்" என்றார்.

படத்தில் அவை உயரமானவை. கொக்கு நிற்பதுபோல மெலிந்து நீண்ட கால்கள் இருந்ததால் அங்கே வேலை பார்க்கும் பெண்களே அவற்றைக் கொக்கு என்றுதான் சொல்வார்கள். இப்போது என் முன்னால் இருந்தவை பாதிக்குப் பாதி குறுகி, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் குந்தியிருந்தன. கால் வைக்க நான் பொருத்தியிருந்த எஃகுக் குழாய்கள் ஒன்றுகூட இல்லை. அறுத்த இடத்தில் மரம் பச்சையாகத் தெரிந்தது, பாலிஷ்கூடப் போடவில்லை. அதைவிட மோசம், ஒரு நாற்காலிக்கும் இன்னொன்றுக்கும் உயரம் ஒத்துப்போகவே இல்லை. ஒன்று ஒரு விரல் கூடுதல், அடுத்தது இரண்டு விரல் குறைவு. யாரோ ஆத்திரத்தில் கண்டபடி அறுத்துத் தள்ளியதுபோல இருந்தது.

பெண்கள் அவற்றில் உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அது எப்படி நடந்தது என்று சொல்வதற்கு முன் நான் யார் என்று சொல்ல வேண்டும். பெங்களூரில் பத்து வருடம் மென்பொருள் அலுவலகங்களுக்கு மேசை நாற்காலி வடிவமைக்கும் கம்பெனியில் இருந்தேன். பொத்தானை அழுத்தினால் எழும்பி நிற்கும் மேசைகள், முதுகுத்தண்டின் வளைவுக்கேற்ப வளையும் நாற்காலிகள். பிறகு சொந்த ஊருக்கே வந்து, தேனி சாலையில் பஞ்சு அரவை ஆலையொன்றின் பழைய கொட்டகையை வாடகைக்குப் பிடித்துப் பட்டறை போட்டேன். ஏலத்தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரம்தான் எனக்குப் பெரும்பாலும் சரக்கு. குரங்கணியில் தங்கும் விடுதி வைத்திருந்த ஒருவருக்கு, மடித்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளும் கட்டில் செய்து கொடுத்தேன். வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கும் ஒரு தம்பதிக்கு, சாப்பாட்டு மேசையின் வயிற்றுக்குள் இரண்டு பேருக்கும் அலுவலகம் அமைத்துக் கொடுத்தேன். என்னோடு மர வேலை பார்ப்பவர் என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் ஆசாரி. நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். நான் வரைவேன், அவர் செய்வார்.

கிடங்கின் முதலாளி என் அப்பாவின் சிநேகிதர். நான் மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவர். வெளிநாட்டுக்குக் காய் அனுப்புவதற்காக அவர் கிடங்கைச் சோதிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். பெண்கள் தரையில் உட்கார்ந்து, தரையில் கொட்டிய காயைச் சுளகில் அள்ளிப் பொறுக்குவதைப் பார்த்து, காய் தரையில் படக்கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். மாமா என்னைக் கூப்பிட்டார்.

"ஆத்தா, நீதான் புதுசு புதுசா என்னத்தையாச்சும் செய்றியே. எங்க ஆளுகளுக்கும் ஒண்ணு செஞ்சு கொடு. அவன் அடுத்த தடவ வந்து பாத்தா அசந்து போகணும்" என்றார்.

அசத்தத்தான் நினைத்தேன். கல்லூரிகளில் எழுதும் பலகை வைத்த நாற்காலிகள் இருக்குமே, அந்த மாதிரி. ஆனால் பலகைக்குப் பதில் சுளகு போலக் குழிந்த மரத்தட்டு. வெடித்த காயையும் கறுத்த காயையும் ஓரத்தில் தள்ளிவிட்டு, நல்ல காயை நடுவில் இருக்கும் துளையில் விட்டால் துணிக்குழாய் வழியாகக் கீழே வாளியில் போய் விழும். இதெல்லாம் நன்றாகவே வந்தது. உயரத்தில்தான் பெங்களூரை உள்ளே கொண்டுவந்தேன். நாள் முழுக்க உட்காரக் கூடாது, இடையிடையே நிற்க வேண்டும் என்பது அங்கே வேதவாக்கு. ஆகவே நின்றுகொண்டும் வேலை பார்க்கத் தோதாகத் தட்டை இடுப்புக்கு மேலே தூக்கினேன். அதற்கேற்ப இருக்கையும் உயர்ந்தது. ஏறி உட்காரவும் கால் வைக்கவும் வழவழப்பான எஃகுக் குழாய் ஒன்றைக் குறுக்கே கொடுத்தேன்.

அன்றைக்கு ஆசாரி அண்ணன் ஒன்று சொன்னார். "தங்கச்சி, குழாய்க்குப் பதிலா ஒரு பலகையப் போட்ருவமா? மிதிக்க வாகா இருக்கும்."

"பஸ்சுப் படிக்கட்டு மாதிரி ஆயிரும்ணே. அழகே போயிரும்" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். குழாயே வைத்தோம்.

முதல் நாற்காலி முடிந்ததும் கிடங்குக்குக் கொண்டுபோய் ஒரு பெண்ணை உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். எப்படி இருக்கிறது என்றதற்கு, நல்லா இருக்குங்க என்றார். படம் எடுத்துக்கொண்டேன். மொத்தமாக இரண்டு நிமிடம் இருக்கும். அந்த இரண்டு நிமிடத்தை நம்பி மீதிப் பதினேழையும் செய்தேன்.

நாற்காலிகள் இறங்கிய அன்று மாமா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னத்தா, இவளுகள நம்ம உசரத்துக்கு உக்கார வச்சுட்ட" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அது எனக்குள் எங்கோ தைத்து நின்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால், அறுபட்ட கால்களைப் பார்த்த மறு நிமிடம் அவருடைய முன்னறைக்குள் போய் அப்படிக் கத்தியிருக்க மாட்டேன்.

"வேலைக்காரங்க உயரமா உக்காந்தா உங்களுக்குப் பொறுக்காதா மாமா?" என்றேன். பூப்பாறைக்காரர் எனக்குப் பின்னால்தான் நின்றார். "ஆள் விட்டு அறுக்கச் சொன்னீங்களா?"

மாமா கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை.

"நான் அறுக்கச் சொன்னேனா? ஒன் ஆசாரிதானத்தா ஞாயித்துக்கெழம வந்து அம்புட்டையும் அறுத்துட்டுப் போனாரு. நீ சொல்லித்தான் செய்றேன்னாரு. புது மாடலுன்னு நெனச்சுக்கிட்டேன்."

மூன்று வாரம் ஆகிவிட்டதாம். அந்த மூன்று வாரமும் ஆசாரி அண்ணன் தினமும் காலையில் பட்டறைக்கு வந்தார். என்னோடு உட்கார்ந்து டீ குடித்தார். மலைக்குப் போகும் லோடு பற்றிப் பேசினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எஸ்டேட்காரரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு நேரே பட்டறைக்குப் போனேன். அண்ணன் ஒரு அலமாரிக் கதவை இழைத்துக்கொண்டிருந்தார்.

"கிடங்கு நாற்காலிய அறுத்தது நீங்களா?"

இழைப்புளியைக் கீழே வைத்தார். "ஆமா."

இல்லை என்பார், அல்லது ஏதாவது காரணம் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார் என்றுதான் எதிர்பார்த்திருந்தேன். அந்த ஆமாவுக்கு நான் தயாராக இல்லை.

"என் பேரச் சொல்லி?"

"வேற என்ன சொல்றது? இல்லாட்டி மொதலாளி விட்டுருப்பாரா?" என்றார். கொஞ்ச நேரம் மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். "ஒரு பொம்பள விழுந்துட்டா தங்கச்சி. அந்தக் குழாயில காலு வழுக்கி. மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு போச்சு. சோத்துக் கை."

"அப்புறம்?" என்றேன்.

விழுந்த மறுநாள் சாயந்தரம், பொறுக்கும் பெண்களில் இரண்டு பேர் அவர் வீட்டுக்கே போய்விட்டார்களாம். அதில் ஒருத்தி, மலைக்கு ஜீப் ஓட்டுபவரின் மனைவி, ரம்பம் மட்டும் கொடுங்கள், நாங்களே அறுத்துக்கொள்கிறோம் என்று கேட்டிருக்கிறாள். மட்டம் தவறினால் நாற்காலி ஆடும், இன்னொருத்தி விழுவாள் என்று பயந்து அண்ணனே போயிருக்கிறார்.

"அறுத்ததும் ஒரே மட்டமா இல்லையேண்ணே. ஒண்ணு கூட, ஒண்ணு கொறைய இருக்கு" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

"ஒவ்வொருத்தியையும் உக்கார வச்சு, பாதம் தரையில படுற அளவுக்குக் கோடு போட்டேன். அதுல அறுத்தேன். விழுந்தவளுக்கு மட்டும் வீட்டுக்குப் போயி அளந்தேன். எல்லார் காலும் ஒரே நீளமாவா இருக்கும்?"

ஆத்திரத்தில் கண்டபடி அறுத்தது என்று நான் நினைத்தவை பதினெட்டுப் பெண்களின் அளவுகள். நான் எடுக்காத அளவுகள். நான் எடுத்ததெல்லாம் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த ஒரு அட்டவணையும், கண்ணாடி முன் என் சொந்த இடுப்பும்தான். நான் ஐந்தரை அடிக்கு மேல். அந்தப் பெண்களில் பாதிப் பேர் என் தோளுக்குத்தான் வருவார்கள். பத்து வருடம் இதையே தொழிலாகச் செய்தவள் எப்படி இதைப் பார்க்காமல் விட்டேன் என்பது இன்றுவரை எனக்குப் புரிந்ததில்லை.

"என்கிட்ட ஏன்ணே சொல்லல?"

"சொன்னா நீங்க மறுபடி படம் போடுவீங்க. ஒரு மாசம் ஆகும். அவளுக மறுநா காலையில அதுலதான ஏறி உக்காரணும்?" என்றார். பிறகு குரலை இறக்கி, "அப்புறமா சொல்லணும்னு ரெண்டு தடவ வாயெடுத்தேன். ஒரு தடவ நீங்க அந்தப் புஸ்தகத்தப் பிரிச்சு வச்சு வந்தவுகளுக்கெல்லாம் காமிச்சுக்கிட்டு இருந்தீக. எப்பிடிச் சொல்றது?" என்றார்.

மறுநாள் காலை சிலமலைக்கு பஸ் ஏறினேன். விழுந்தவரின் வீடு ஊரின் மேற்குக் கடைசியில். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். வலது கையில் மாவுக்கட்டோடு வாசலில் உட்கார்ந்து, இடது கையால் வெங்காயத்தோல் உரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டு முழங்கை வரைக்கும் போயிருந்தது. அண்ணன் சொன்னபோது மணிக்கட்டு என்பது ஒரு சொல்லாகத்தான் இருந்தது.

நான் யாரென்று சொன்னதும் எழுந்திருக்கப் பார்த்தார். "வா தாயி, உள்ள வா. பிள்ள, அந்தச் சேரக் கொண்டா" என்று மருமகளைக் கூப்பிட்டார். நான் அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன்.

எப்படி விழுந்தார் என்று கேட்டேன். "எறங்குறப்ப சேல நுனி அந்தக் கம்பில மாட்டிக்கிச்சு தாயி. காய்த்தூசி வேற அதுல அப்பிக் கெடந்துச்சா, இன்னொரு காலும் வழுக்கிருச்சு. கைய ஊனுனேன். சடக்குன்னு சத்தம் கேட்டுச்சு."

"முதலாளிக்குத் தெரியாதா?"

"கோழி வெரட்டப் போயி வீட்ல விழுந்துட்டேன்னு சொல்லச் சொல்லிட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

"பதினாறு வருசம் தரையில உக்காந்து பொறுக்குனேன். மொழங்காலு ரெண்டும் போச்சு. நாற்காலி வந்த அன்னைக்கு இந்தத் தெருவே கேக்குற மாதிரி சொல்லிட்டுத் திரிஞ்சேன், எங்களுக்கு நாற்காலி வந்துருச்சுன்னு. அதுல இருந்து விழுந்தேன்னு சொன்னா மொதலாளி என்ன செய்வாரு? ஆகாது, தூக்கி வெளிய போடுங்கம்பாரு. அம்புட்டுப் பேரும் மறுபடி தரைக்கு வரணும். என் ஒருத்தி கைக்காக எல்லாரும் தரைக்கு வரவா?"

அவர்கள் என் நாற்காலியை வெறுத்து அறுத்தார்கள் என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அதை வைத்துக்கொள்வதற்காக அறுத்திருக்கிறார்கள். ஒடிந்த கையை மறைத்ததும் அதற்காகவே. இதைக் கேட்ட பிறகு நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஏதோ சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்காமல், மற்றவர்கள் இப்போது சௌகரியமாக உட்கார்கிறார்களா என்று கேட்டார்.

"நல்லா உக்காந்திருக்காங்க."

"இப்பவாச்சும் தண்ணி குடிக்காளுகளா?"

எனக்கு விளங்கவில்லை. மருமகள்தான் விளக்கினாள். அந்த உயரத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் இறங்கி ஏற வேண்டுமே என்று பாதிப் பேர் காலையிலிருந்து சாயந்தரம் வரை தண்ணீரே குடிக்க மாட்டார்களாம். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். கால் தொங்கித் தொங்கி வீக்கம் வேறு. அத்தை வீட்டுக்கு வந்ததும் ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடிப்பார் என்றாள்.

நின்று வேலை பார்க்கலாம் என்று நான் கொடுத்த வசதியை ஒருவரும் ஒரு நாள்கூட உபயோகித்ததில்லை. எட்டு மணி நேரத்தில் பாதியை நின்று கழிப்பது, நாலு மணிக்கே தண்ணீர் பிடித்து, சமைத்து, பஸ்சுக்கு நின்று வந்தவர்களுக்கு என்ன வசதி? பெங்களூரில் அதைக் கேட்டவர்கள் காரில் வந்து இறங்குபவர்கள்.

அன்று மதியமே கிடங்குக்குப் போனேன். உள்கூடத்தில் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளியிடம் உள்ளதைச் சொல்லப்போகிறேன், தப்பு என்னுடையது என்று சொல்வேன் என்றேன். உடனே முகங்கள் மாறின. ஜீப்காரரின் மனைவிதான் பேசினாள்.

"எங்க வயித்துல அடிச்சிராதக்கா. இப்பத்தான் ஒழுங்கா உக்காந்திருக்கோம்."

"அவங்க கையொடிஞ்சது இங்க வேல பாக்குறப்ப. அது அவருக்குத் தெரியாமயே போகலாமா?"

அவள் மற்றவர்களைப் பார்த்தாள். தூக்குச்சட்டியை மூடிவைத்துவிட்டு எழுந்தாள். "சரி, சொல்றதுன்னா நீ மட்டும் போகாத. நாங்களும் வர்றோம்."

பதினேழு பெண்களும் முன்னறை வாசலில் வந்து நின்றதைப் பார்த்து மாமா எழுந்து நின்றுவிட்டார். நான் முதலில், அவரைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு குழாயைப் பற்றிச் சொன்னேன். பலகை போடலாம் என்று ஆசாரி சொன்னதை நான் அழகுக்காகத் தட்டிவிட்டதையும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பெண்களையே பார்த்தார்.

"கோழி வெரட்டப் போனான்னு சொன்னீகளே?"

மாமா சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"இந்தச் செவத்துக்கு அந்தப் பக்கம்தான விழுந்திருக்கா. நான் இங்கதான உக்காந்திருந்தேன்" என்றார். திரும்பவும் அதையே சொன்னார். பிறகு கோபம் வந்தது. "அப்ப எதுக்கு இந்த எழவு? எல்லாத்தையும் எடுத்து வெளிய போடுங்க."

அவர்கள் பயந்தது அப்படியே நடந்தது. ஆனால் ஜீப்காரரின் மனைவி ஒரு அடி முன்னே வந்தாள்.

"அத எடுத்தீகன்னா நாங்க நாளைக்குச் சோலிக்கு வரல மொதலாளி" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. பின்னால் நின்றவர்களில் ஒருவர் ஆமா என்றார், பிறகு இன்னொருவர்.

நான் பிறந்ததிலிருந்து பார்க்கும் மாமாவை யாரும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அவரும் கேட்டதில்லை போலிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தார். மேசைமேல் கிடந்த மாதிரிக் காய்களை விரலால் கொஞ்ச நேரம் அளைந்துகொண்டிருந்தார். பிறகு, "ஆசுபத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போறா?" என்று கேட்டார். மருமகள் என்றார்கள். "இனிமே நம்ம வண்டி போகும். வெரசாப் போயி வேலையப் பாருங்க" என்றார். அவ்வளவுதான். நாற்காலிகள் இருந்தன.

அடுத்த வாரம் முழுக்க ஆசாரி அண்ணனும் நானும் அங்கேயே கிடந்தோம். அவர் அவசரத்தில் அறுத்த முனைகளுக்கு ரப்பர் அடி வைத்தோம். வாளி உயரத்தைக் குறைத்தோம். வரிசையாகச் சன்னலைப் பார்த்து நான் போட்டிருந்த நாற்காலிகளைப் பெண்கள் எப்போதோ எதிரெதிராகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். பேசிக்கொண்டே பொறுக்கினால்தான் பொழுது போகும் என்றார்கள். அதை அப்படியே விட்டோம். ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டி உட்காருவது தரையில் அவர்களுக்குப் பழக்கம். அதற்கு வசதியாக இருக்கையை அகலப்படுத்த முடியுமா என்று கேட்டார்கள். ஆறு நாற்காலிகளில் செய்து பார்த்தோம், நான்கில் சரியாக வந்தது.

இதழுக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். அடுத்த இதழில் இடமில்லை என்று பதில் வந்தது. அதற்கடுத்ததிலும் வரவில்லை. அந்தப் படங்கள் இன்னும் இணையத்தில் இருக்கின்றன. பார்த்துவிட்டு யாராவது பாராட்டி எழுதினால் உடம்பு கூசுகிறது.

பூப்பாறைக்காரர் இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார். அறுத்தவை போதும் மேடம், படத்தில் இருப்பவை வேண்டாம் என்றார். மேலே போய், காயை உலர்த்திப் பிரிக்கும் அவர் ஸ்டோரில் இரண்டு நாள் பெண்களோடு உட்கார்ந்துவிட்டுத்தான் பென்சிலைத் தொட்டேன்.

சிலமலைக்காரர் கட்டுப் பிரித்த பிறகு வேலைக்குத் திரும்பினார். வலது மணிக்கட்டு முழுசாகத் திரும்புவதில்லை. தட்டை இடது பக்கமாகத் திருப்பி அவருக்கு ஒரு நாற்காலி செய்துகொடுத்தோம். இடது கையால் பொறுக்கப் பழகிக்கொண்டார், முன்பைவிட மெதுவாகத்தான். போன வாரம் பார்த்தபோது கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"சோலிக்கு ஒண்ணும் பாதகமில்ல தாயி" என்றார். "தலைக்கு மட்டும் எண்ணெ தேச்சுக்க முடியல. மருமக தேச்சு விடுறா."